மிஞ்சினவனுக்கு நாலு கம்பியா?

"கிற்றார் சரிவராதவன் பேஸ் எடுப்பான்" எண்டொரு கதை எங்கட கம்பஸ் இசைக்குழுக்களுக்குள்ள கன காலமாச் சுத்துது. ஆறு கம்பி கஷ்டம், நாலு கம்பி லேசு, விரல் ஓடாதவனுக்கு மேடையில ஒரு மூலை. பாட்டு, லீட் கிற்றார், ட்ரம்ஸ், கீபோர்ட் எல்லாம் பிரிச்சுக் குடுத்த பிறகு கடைசியா நிக்கிறவனைப் பார்த்து "மச்சான், நீ பேஸை வாசி" எண்டு சொல்லுவினம். அதுவும் ஆள் மிஞ்சினால்தான். மிஞ்சாட்டி கீபோர்ட்காரரின் இடது கை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஒருத்தருக்கும் ஒண்டும் குறைஞ்ச மாதிரித் தெரியாது.

இந்தக் கதையை நாங்கள் ஏற்கவில்லை. அதைச் சொல்ல எங்கட மேடைகளை மட்டும் பார்த்தால் போதாது. பேஸ் கிற்றார் உலகத்துக்குப் பிடித்துப்போன இடத்துக்கே போகவேண்டும்: அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வந்த ரொக் பாடல்களுக்கு. இன்றைக்கும் ஏதாவதொரு ஊரில் ஒரு பிள்ளை "எனக்கு பேஸ் வாங்கித் தாங்கோ" எண்டு வீட்டில் ஒற்றைக்காலில் நிக்குதெண்டா, அந்தக் காலத்துப் பாட்டொன்று அதின்ர காதில் விழுந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கு.

ஓம், வரலாற்றில் பாதி அந்தக் கதைக்காரர் பக்கம்தான் நிற்கிறது. 1961இல் ஸ்டுவர்ட் சட்கிளிஃப் பீற்றில்ஸை விட்டுவிட்டு ஓவியம் படிக்க ஹம்பேர்க்கிலேயே தங்கியபோது, ஜோன் லெனனும் ஜோர்ஜ் ஹரிசனும் பேஸைத் தொட ஆயத்தமில்லை. போல் மக்கார்ட்னியின் தலையில் அது விழுந்தது. அவர் இடது கைக்காரர்; வயலின் வடிவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த மலிவான ஹோஃப்னர் ஒன்றை வாங்கினார், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது எண்டு. பிளக் சபாத்தின் கீசர் பட்லர் முதலில் ரிதம் கிற்றார்காரர். டோனி அயோமி இன்னொரு கிற்றாரை விரும்பாததால் பேஸுக்கு மாறினார். கரோல் கே ஜாஸ் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963 அளவில் ஒருநாள் ஹொலிவூட்டில் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராமல் விட்டதால், "நீங்கள் வாசியுங்கோ" எண்டு சொல்லப்பட்டவர்.

எல்லாரும் தற்செயலாய் வந்தவர்கள்தான். ஆனால் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதை அந்தக் கதைக்காரர் ஒருநாளும் சொல்வதில்லை. பட்லர் 1970இல் வந்த 'என்.ஐ.பி'யைத் தனி பேஸோடு தொடங்கிவைத்தார். அந்த பாண்டின் பெரும்பாலான பாடல் வரிகளை எழுதியவரும் அவரே. கரோல் கே, பீச் போய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) இசைத்தட்டின் பல பாடல்களுக்கு அடித்தளம் போட்டார். மக்கார்ட்னியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறம். இருந்தாலும் 1969இல் வந்த 'கம் டுகெதர்'இன் முதல் சில விநாடிகளைப் போட்டுக் கேளுங்கோ. அந்தப் பாட்டை யாராவது உங்களிட்ட வாயால் பாடிக்காட்டச் சொன்னால், லெனனின் சொற்களுக்கு முதல் அந்த பேஸின் இழுவைதான் வாயில் வரும்.

இங்கதான் எங்கட வாதம். பேஸ் படிக்கப் பிள்ளைகளை இழுத்த பாட்டுகளில் பேஸ் பின்னணியில் இருக்கவில்லை. அந்தப் பாட்டே பேஸ்தான்.

கிரீம் பாண்டின் 'சன்ஷைன் ஒஃப் யுவர் லவ்'வை எடுங்கோ. 1967 ஜனவரியில் லண்டன் சவில் தியேட்டரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து ஜக் புரூஸ் பேஸில் பிடித்த துண்டு அது. எரிக் கிளப்டனின் கிற்றார் அதைப் பின்தொடர்கிறது. உலகம் முழுக்க கிற்றார் வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற அந்தத் துண்டு ஒரு பேஸ்காரரின் கையில் பிறந்தது எண்டு எத்தனை கிற்றார்காரருக்குத் தெரியும்? 1973இல் பிங்க் ஃபுளொய்ட் வெளியிட்ட 'மணி'யும் அப்படித்தான். ரோஜர் வோட்டர்ஸின் பேஸ் ஏழு ஏழாக நடக்கும். மிஸ்ர சாப்புக்குக் கை பழகிய நுண்கலை நண்பர்களுக்கு ஏழு புதுசில்லை. ரொக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது காலை இடறுகிற படி. அந்த ஏழிலேயே சாக்ஸஃபோன் வாசித்து முடிக்கிறது. கிற்றார் சோலோ வந்த உடனே பாட்டு நாலுக்கு இறங்குகிறது. (கிற்றார்காரர் கோபிக்க வேண்டாம், டேவிட் கில்மோர் எங்களுக்கும் பிடிக்கும்.)

ஆனால் எங்களிட்ட ஒரேயொரு பாட்டைக் கேட்டால் 'த செயின்'தான். ஃபிளீட்வூட் மக், 1977, 'ரூமர்ஸ்' இசைத்தட்டு. அந்த பாண்டின் பெயரில் உள்ள 'மக்' பேஸ்காரர் ஜோன் மக்வீதான். மேடையில் பின்னுக்கு நின்று சத்தமில்லாமல் வாசித்துவிட்டுப் போகிற மனிதர். பாட்டில் மூன்று பேர் குரல் சேர்த்துப் பாடுகிறார்கள், கிற்றார் கோபமாக இருக்கிறது. மூன்று நிமிடம் அளவில் எல்லாம் அடங்குகிறது. பாட்டு முடிஞ்சுது எண்டே நினைப்பீங்கள். அந்த வெறுமைக்குள்ள பேஸ் மட்டும் தனிய நடந்து வரும். இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடிக்கக்கூடிய சுரங்கள். வேகம் இல்லை, வித்தை இல்லை. அது சுற்றிச் சுற்றி வர வர, கடைசியில் மற்ற எல்லாரும் அதன் முதுகில் ஏறி ஓடுகினம். பி.பி.சி தொலைக்காட்சி பல வருஷமாக ஃபோர்முலா வன் கார் பந்தய ஒளிபரப்புக்கு அந்தத் துண்டைத்தான் போட்டது. கார் ஓட்டம் பார்க்க வந்த எத்தனையோ வீடுகளுக்குள் ஒரு பேஸ் லைன் இப்படித் திரும்பத் திரும்ப நுழைந்திருக்கிறது.

அந்த லைனை ஒரு புதுப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடலாம். "பாத்தியா, லேசுதானே" எண்டு கதைக்காரர் துள்ளுவார். லேசுதான். அதில் என்ன வெட்கம்? பிடிக்கிறது லேசு. ஆனால் அந்த அமைதிக்குப் பிறகு, ஒருத்தரும் துணைக்கு இல்லாத இடத்தில், ட்ரம்ஸின் காலடிக்கு முந்தாமலும் பிந்தாமலும் ஒவ்வொரு சுரத்தையும் ஒரே பாரத்தோடு வைக்கச் சொல்லிப் பாருங்கோ. லீட் கிற்றாரில் ஒரு சுரம் பிசகினால் அடுத்த பத்துச் சுரத்துக்குள் அதை மூடிவிடலாம். பேஸில் ஒன்று பிசகினால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

இதே காரணத்துக்காக எங்களுக்கு இன்னொரு கூட்டத்தோடயும் சண்டை இருக்கு. அவர்கள் பேஸை நேசிக்கிறவர்கள்தான், ஆனால் வேகத்தை வைத்து அளக்கிறவர்கள். பெருவிரலால் கம்பியை அடித்து நிமிடத்துக்கு நூறு சுரம் கொட்டுகிற குட்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு "இதுதான் பேஸ்" எண்டு பட்டியல் போடுகிறவர்கள். வேகம் கூடாதெண்டு நாங்கள் சொல்லேல்ல. 1965இல் த ஹூ பாண்டின் 'மை ஜெனரேஷன்'இல் ஜோன் என்ட்விசில் கிற்றார் சோலோ வரவேண்டிய இடத்தில் பேஸ் சோலோ வாசித்தார். அந்தச் சத்தத்துக்காக அவர் தேடிப்போன டனெலெக்ட்ரோ பேஸின் மெல்லிய கம்பி அறுந்தபோது இங்கிலாந்துக் கடைகளில் மாற்றுக்கம்பி கிடைக்கவில்லை. கம்பிக்காக அவர் இன்னொரு பேஸையே வாங்கினார், அதுவும் அறுந்தது. கடைசியில் ஃபெண்டரில்தான் பதிவு நடந்தது. அவ்வளவு பிடிவாதக்காரரை நாங்கள் எப்படி மதிக்காமல் விடுறது?

ஆனால் டெட்ரொய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒரேயொரு சுட்டுவிரலால் வாசித்தவர். மக்கார்ட்னி உட்பட அந்தத் தலைமுறையின் ரொக் பேஸ்காரர் பலர் அவரிடமிருந்துதான் படித்தோம் என்கிறார்கள். 1980இல் குவீன் பாண்டுக்கு 'அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்' எழுதிக்கொடுத்து அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோன ஜோன் டீக்கன் அந்தப் பாட்டின் பேஸில் சுரங்களுக்கு இடையில் விட்ட இடைவெளியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? வேகப் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் பேஸைக் கீழே வைத்த பிள்ளைகள் எங்கட நண்பர்களுக்குள்ளேயே இருக்கினம்.

சரி, இவ்வளவு பெரிய வேலை செய்கிற கருவியை ஏன் மிஞ்சின கருவி எண்டு நினைக்கிறார்கள்? முதல் காரணம் காது. பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸில் அதிருது. உங்கட ஃபோனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக் காற்றைத் தள்ளவே ஏலாது. மேல் அதிர்வுகள் கொஞ்சம் தப்பி வரும், மிச்சத்தை மூளை ஊகிக்கும். விடுதி அறையில் ஃபோனை மேசையில் வைத்துப் பாட்டுக் கேட்கிற நாங்கள் எல்லாரும் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறம்.

அந்தக் காலத்திலும் இந்தப் பிரச்சினை வேறு வடிவில் இருந்தது. 1951இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வருவதற்கு முன்னால் பேஸ் எண்டாலே ஆள் உயர டபுள் பேஸ்தான். ட்ரம்ஸும் மின் கிற்றாரும் ஏறிய மேடையில் அது அமுங்கிப்போனது. மின் பேஸ் வந்த பிறகும் இசைத்தட்டு வெட்டுகிறவர்கள் பயந்தார்கள். தாழ்ந்த ஒலி கூடினால் தட்டின் பள்ளம் அகலமாக அலையும், ஊசி துள்ளிவிடும். அதனால் பேஸை அடக்கியே வைத்தார்கள். 1966இல் 'பேப்பர்பக் ரைட்டர்' பதிவில் பீற்றில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி பேஸுக்கு முன்னால் வைத்தார். அந்தப் பாட்டை அதற்கு முந்தைய பீற்றில்ஸ் பாட்டொன்றோடு நல்ல ஹெட்ஃபோனில் ஒப்பிட்டுக் கேளுங்கோ. ஒரு ஆள் பக்கத்து அறையிலிருந்து உங்கட அறைக்குள் வந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது காரணம் காசு. எங்களுக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் இதுதான்.

ஒரு பாட்டுக்கு உரிமையாளர் யார் எண்டு பதியும்போது சொல்லும் மெட்டும் எழுதியவரின் பெயர் விழும். பேஸ் லைன் 'வாசிப்பு' எண்டு ஒதுக்கப்படும். லூ ரீட்டின் 'வோக் ஒன் த வைல்ட் சைட்' (1972) உங்களுக்குத் தெரியாட்டியும் அதன் பேஸ் தெரிஞ்சிருக்கும். மேலும் கீழுமாக வழுக்கிப் போகிற இரண்டு பேஸ்கள் அது. வாசித்தவர் ஹேர்பி ஃபிளவர்ஸ். ஒரு டபுள் பேஸ், அதன் மேல் ஒரு மின் பேஸ். ஏன் இரண்டு எண்டு கேட்டதுக்கு அவர் ஒளிக்காமல் சொன்ன காரணம், இரண்டு கருவி வாசித்தால் இரட்டைக் கூலி என்பது. அந்தக் கூலியோடு அவரின் கணக்கு முடிந்தது. 1990இல் எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் தங்கட 'கான் ஐ கிக் இட்?' பாட்டை அந்த பேஸின் மேலேயே கட்டியது. அதற்கான உரிமைக் காசு லூ ரீட்டுக்குப் போனது. எடுத்தது ஃபிளவர்ஸின் விரலில் பிறந்த துண்டை!

அதே 1990இல் வனிலா ஐஸின் 'ஐஸ் ஐஸ் பேபி' உலகம் முழுக்க ஓடியது. அதன் முதுகெலும்பு 1981இல் குவீனும் டேவிட் போவியும் சேர்ந்து செய்த 'அண்டர் பிரஷர்'இன் பேஸ். முதலில் பெயர்கூடப் போடவில்லை, பிறகுதான் விஷயம் காசில் தீர்ந்தது. ஒரு பேஸ் லைனைத் திருடினால் பாட்டையே திருடினதாகச் சட்டம் பேசுகிறது. ஆனால் அதே பேஸ் லைனை உண்டாக்கினவர் பாட்டை எழுதினதாகச் சேர்த்தி இல்லை. இந்தக் கணக்கை யாராவது எங்களுக்கு விளங்கப்படுத்துங்கோ.

ஜேமர்சனின் கதை இன்னும் மோசம். மோட்டவுனின் எத்தனையோ வெற்றிப் பாட்டில் அவர் இருந்தார், உறையில் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வொட்ஸ் கோயிங் ஒன்' உறையில்தான் அவர் பெயரைப் பார்க்கமுடிந்தது. 1983இல் மோட்டவுனின் 25 ஆண்டு விழா பெரிய எடுப்பில் நடந்தது. ஜேமர்சன் மேடையில் இல்லை, டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்த கூட்டத்துக்குள் இருந்தார். அதே வருஷம் ஓகஸ்டில் இறந்துபோனார். ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல். கரோல் கேயை அது நினைத்தது 2025இல், அவருக்குத் தொண்ணூறு வயது. "வேண்டாம்" எண்டு சொல்லிவிட்டார் அந்த மனுசி. எங்களுக்கு அது நல்லாப் பிடிச்சுது.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குத் திரும்பவும் 'த செயின்'தான் சாட்சி. 'ரூமர்ஸ்' இசைத்தட்டில் ஐந்து பேரின் பெயரிலும் பதிவான ஒரேயொரு பாட்டு அது. ஒருவருக்கொருவர் முகம் பார்க்க விருப்பமில்லாமல், காதலும் கலியாணமும் முறிந்து நின்ற ஐந்து பேர், பேஸ்காரரின் பெயரை மறக்கவில்லை.

இன்னொரு பேச்சும் இருக்கு. "பெட்டையளுக்கு பேஸ் குடுங்கோ, லேசுதானே." கதைக்கிறவர் அதை உதவி மாதிரிச் சொல்லுவார். டெட்ரொய்ட்டில் பதினான்கு வயதில் சகோதரியோடு பாண்ட் தொடங்கிய சூசி குவாட்ரோவுக்கும் பேஸ் பங்கு பிரித்ததில் வந்ததுதான். அப்பா 1957ஆம் ஆண்டு பிரிசிஷன் ஒன்றைக் கையில் குடுத்தார். 1973இல் 'கான் த கான்' பாட்டோடு பிரித்தானியாவில் முதலிடத்தில் நின்றார், பேஸையும் பிடித்துக்கொண்டு, நடு மேடையில். அவரின் இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் டினா வெய்மவுத் பேஸ் பழகினார், டோக்கிங் ஹெட்ஸ் பாண்டுக்கு பேஸ்காரர் கிடைக்காமல் இருந்த நேரத்தில். 1977இல் வந்த 'சைக்கோ கில்லர்' வெய்மவுத்தின் பேஸோடுதான் தொடங்கும். ஒரு பெண்ணின் பேஸைக் கேட்டு இன்னொரு பெண் பேஸ் எடுத்தார். அதில் 'லேசு' எங்க வந்தது?

எங்கட பக்கத்துக்கு வருவம். இளையராஜாவின் எண்பதுகள் பாட்டுகளில் பேஸ் என்ன செய்யுதெண்டு இரவிரவாகக் கதைக்கிற ரசிகர்கள் எங்களுக்குள் இருக்கினம். ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதிக்கொடுக்கிற மனிதர் அவர், பேஸை மிச்சம் மீதியாக விட்டவர் இல்லை. அதை வாயூறக் கதைக்கிற அதே ஆக்கள், அதே பாட்டை மேடையில் போடும்போது பேஸை கீபோர்ட்டின் இடது கைக்குத் தள்ளிவிடுகினம். காசில்லை, பேஸுக்கு நல்ல அம்பிளிஃபையர் வாடகைக்கு எடுக்க ஏலாது எண்டு சொல்லுவினம். காசில்லை என்பது உண்மை. ஆனால் அதே காசுக்குள் இரண்டாவது கிற்றாருக்கு எஃபெக்ட் பெட்டி வருது, புகை மெஷின் வருது.

நாங்கள் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. பேஸுக்கு ஆள் எடுக்கும்போது மிஞ்சினவரைப் பிடிக்காமல், விருப்பமான ஆளை முதலே கேளுங்கோ, பெட்டையோ பெடியனோ. சொந்தப் பாட்டுச் செய்தால், பேஸ் லைனை உண்டாக்கின ஆளின் பெயரை மெட்டமைத்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கோ. யூடியூப்பில் ஏத்தும்போது அந்த ஒரு வரியைத் தட்டச்சுச் செய்ய இரண்டு நிமிஷம் போகாது. பேஸ் எடுக்கலாமா எண்டு யோசிக்கிற பிள்ளைக்கு வேக வீடியோவை அனுப்பாதேங்கோ, 'த செயின்'ஐ அனுப்புங்கோ, ஹெட்ஃபோனோட கேள் எண்டு சொல்லி. அடுத்த நிகழ்ச்சியில் சவுண்ட்ஸ் பார்க்கிற அண்ணை "எல்லாம் ஓகேயா?" எண்டு கேட்கும்போது மேடையில் நிண்டு தலையாட்டாமல், ஒராள் இறங்கிக் கடைசி வரிசைக் கதிரைக்குப் போய், பேஸ் அங்க வருதா எண்டு நிண்டு கேட்டுட்டு வாங்கோ.